திருப்போரூர்லாம் எறங்கு!

என் மாமாவுக்கு ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை. பி.காம். படித்தவனுக்குத் தெரியாத கணக்கு உலகத்திலேயே கிடையாது என்று! காஸ்ட் அக்கவுண்டன்சி பேப்பரில் நான் எத்தனை தடவை குப்புற விழுந்தேன் என்பதை அம்மா தன் தம்பியிடமிருந்து இன்றுவரை கட்டிக் காப்பாற்றி வருகிறாள்.

அந்த நம்பிக்கையால்தான் போன கோடையில் அந்த போன் வந்தது.

"மாப்ளே, ஒரு நாள் லீவு போட்டுட்டு வா. பைபாஸ் ஓரமா ஒரு எடம் வெலைக்கு வருது. ஏரிக்குக் கீழ இருக்கிற அரை ஏக்கரைக் குடுத்துட்டு அதை வாங்கிக் கடை போட்டுடலாமான்னு ரோசனை. நீ வந்து கணக்குப் போட்டுச் சொல்லிட்டா முடிச்சிடுவேன்."

பத்திரிகைகளுக்கு எழுதிக் காலம் தள்ளுகிறவனுக்கு லீவு கொடுக்க மேலதிகாரி ஏது? மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். (அதற்கே ஒரு லீவ் லெட்டர் எழுதியிருக்கலாம்!)

மாமாவுக்குத் திருப்போரூர் மெயின் ரோட்டில் டீக்கடை. தாத்தா போட்ட கடை. அந்த அரை ஏக்கர் நஞ்சையும் தாத்தா வைத்துவிட்டுப் போனதுதான். தாம்பரத்தில் 515 பஸ்ஸில் ஏறும்போது இதெல்லாம் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஜன்னலோர ஸீட் கிடைத்த சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

வண்டலூர் வழியாக வந்து கேளம்பாக்கத்தில் பஸ் வலது பக்கம் திரும்பினால் பழைய மகாபலிபுரம் சாலை. இந்த 'பழைய' என்கிற வார்த்தைக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதையே இருக்கிறது, ஸார்!

தாத்தா காலத்தில் இது வெறும் மகாபலிபுரம் ரோடுதான். சென்னையிலிருந்து சிற்பம் பார்க்கப் போகிற பெரும்பாலான வண்டிகள் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். சுமார் 45 கிலோமீட்டர் வந்த களைப்பில் திருப்போரூரில் நிற்கும். இன்னும் 15 கிலோமீட்டர் போனால் மகாபலிபுரம். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மெதுவடையைக் கையில் வைத்துக்கொண்டு, நடுவில் ஏன் ஓட்டை என்று தாத்தாவைக் கேட்டார்களாம். தாத்தா யோசிக்காமல், "காத்தோட்டத்துக்கு!" என்றாராம். அந்த ஜோக்கை அவர் முப்பது வருஷம் பரிமாறினார். சட்னி மாதிரி, அளவில்லாமல்!

1990-களின் இறுதியில் கடற்கரையை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. தம்பி பிறந்த உடனே முதல் குழந்தை 'பெரியவன்' ஆகிவிடுகிற மாதிரி, நம் சாலை ஒரே நாளில் 'பழைய' சாலை ஆகிவிட்டது. 2002-ல் அந்தப் புதுச் சாலையில் டோல் போட்டார்கள். "காசு கட்டிட்டு எவன்டா அந்தப் பக்கம் போவான்?" என்று தாத்தா சிரித்தார்.

எல்லோரும் போனார்கள்.

கடையில் இரண்டு அடுப்பு ஒன்றாயிற்று. மாஸ்டரை அனுப்பியாயிற்று. அத்தையின் வளையல்கள் செங்கல்பட்டு அடகுக் கடைக்குப் போய், திரும்பி வரவே இல்லை. மாமா பக்கத்து ஆலத்தூர் சிட்கோவில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு லோடு ஏற்றப் போனார். ஆறு வருஷம்! இப்போதும் மாத்திரை அட்டையைப் பார்த்தால் அவர் கை தானாக முதுகைத் தடவும்.

பிறகு மறுபடியும் காற்று திரும்பியது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் வந்ததும், அடுத்து சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்தன. பழைய சாலைக்கு ராஜீவ் காந்தி சாலை என்று புதுப் பேரும் ஆறு வழியும் கிடைத்தன. சிறுசேரியில் ஆரம்பித்த அடுக்குமாடி, கேளம்பாக்கம், தையூர் என்று தெற்கே நகர்ந்து வந்தது. கட்டடம் என்றால் கொத்தனார், பெயின்டர், வாட்ச்மேன். அவர்கள் எல்லோருக்கும் டீ வேண்டும். மாமா லோடு வேலையை விட்டுவிட்டு மறுபடி பாய்லர் முன்னால் வந்து நின்றார்.

இப்போது பைபாஸ். கடைத்தெரு நெரிசலில் வண்டிகள் மாட்டாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு புறவழிச் சாலை. நிலம் எடுத்து, மண் கொட்டியதைப் பார்த்த நாளிலிருந்து மாமாவுக்குத் தூக்கம் இல்லை.

"அப்பா பண்ணின தப்பை நான் பண்ணக் கூடாதுடா. ரோடு நகர்ந்தா கடையும் நகரணும்" என்றார், நான் போய் இறங்கியதும் இறங்காததுமாக.

நான் பேனாவை எடுத்தேன். அதற்குள் நாலு பஸ் ஜனங்கள் கடைக்குள் நுழைந்துவிட்டார்கள். அன்றைக்குக் கிருத்திகை!

"கூட்டம் கொறையட்டும். நீ போயி சாமி கும்பிட்டுட்டு, அப்படியே மலை ஏறிட்டு வா" என்று என்னை விரட்டிவிட்டார்.

சூரனோடு நடந்த சண்டையில் முருகன் கடலில் போர் செய்தது திருச்செந்தூர், நிலத்தில் திருப்பரங்குன்றம், ஆகாயத்தில் திருப்போரூர் என்பது ஐதீகம். அதனால்தான் போரூர். யுத்தபுரி, சமராபுரி என்றும் பேர்கள் உண்டு. பேருக்கு ஏற்ற மாதிரி சுற்றுவட்டாரத்தில் சண்டைக்குக் குறைவில்லை. 1752-ல் ராபர்ட் கிளைவ் கிழக்கே கோவளம் கோட்டையைப் பிடித்தார். கையோடு மேற்கே செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். நம் ஊர் இரண்டுக்கும் நடுவில், இந்தப் பக்கம் ஒரு கண்ணும் அந்தப் பக்கம் ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருந்தது.

பல்லவர் காலத் தூண்கள் கிடைத்த பழைய ஊர் இது. ஆனால் இன்றைக்கு நாம் கும்பிடுகிற கோயில் 17-ம் நூற்றாண்டில் வந்த ஒரு வெளியூர்க்காரரின் உழைப்பு. சிதம்பர சுவாமிகள் என்று பேர். மதுரையில் இருந்தவரை, 'வடக்கே போ, பனங்காட்டுக்குள் குமரன் இருக்கிறான்' என்று மீனாட்சியே அனுப்பி வைத்ததாகச் சொல்வார்கள். வந்து பார்த்தால் கோயில் இல்லை. பனை மரங்கள்தான். தேடிப் பிடித்து, காட்டைத் திருத்தி, கோயில் எழுப்பி, 726 பாடல்களில் 'திருப்போரூர் சந்நிதி முறை'யும் பாடிவிட்டுப் பக்கத்துக் கண்ணகப்பட்டில் அடங்கினார். வைகாசி விசாகம் அங்கே விசேஷம். அதற்கு முன்னால் ஆறு தடவை அழிந்து, ஏழாவது தடவையாக எழுந்த கோயில் இது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள்.

மூலவர் சுயம்பு என்பதால் அவருக்கு அபிஷேகம் இல்லை. எதிரில் சுவாமிகள் ஸ்தாபித்த யந்திரத்துக்குத்தான். கும்பிட்டுவிட்டு உண்டியல் பக்கம் போனபோது, என்னையறியாமல் கை சட்டைப்பையை இறுக்கிப் பிடித்தது. காரணம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இந்தக் கோயில் உண்டியலில் ஒரு பக்தரின் ஐபோன் தவறி விழுந்துவிட்டது. உண்டியலில் விழுந்தது சாமிக்குச் சொந்தம், வேண்டுமானால் உள்ளே இருக்கிற தகவல்களை எடுத்துக் கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். 2024 டிசம்பரில் தேசம் பூராவும் பேப்பரில் வந்தது! என்னுடையது ஐபோன் இல்லை. ஆனாலும் இன்னும் மூன்று மாதத் தவணை பாக்கி.

கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் பிரணவ மலை. மேலே கைலாசநாதர், பாலாம்பிகை. பெரிய மலை இல்லை. என் தொப்பைக்குத்தான் அது பழனி! மூச்சு வாங்கி நிமிர்ந்தபோதுதான், முப்பது வருஷமாக வந்து போன ஊரை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

மேற்கே பார்த்தால் காப்புக்காடு, வயல், ஏரி. செங்கல்பட்டு பக்கமே ஏரி மாவட்டம்தானே! வடக்கே தையூர், தெற்கே மானாமதி என்று பெரிய பெரிய ஏரிகள். கிழக்கே திரும்பினால் உலகமே மாறிவிடுகிறது. வெளுத்துப்போன களிமண் சமவெளி, உப்பங்கழி, பக்கிங்ஹாம் கால்வாய், அதற்கு அப்பால் கடலின் நீலக் கோடு. பள்ளிக்கூடத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த நாலும் ஒரே இடத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் தெரிகிறது.

இரண்டு உலகத்துக்கும் நடுவில் எல்லைக் கோடு மாதிரி ஓடுகிறது பழைய சாலை. ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் உப்புத் தண்ணீர். நம் ஊர் அந்தக் கோட்டின் மேலேயே குந்தியிருக்கிறது.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் மாமா தன் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் என்னை ஏற்றிக்கொண்டார். "நம்ம ஊரு ராஜஸ்தானைக் காட்டறேன், வா!"

நெம்மேலி ரோடு. கடலுக்குப் போக சுமார் 5 கிலோமீட்டர். பாதி வழியில் மரம் நின்றுவிட்டது. மே மாத வெயிலில் தரை பாளம் பாளமாக வெடித்து, விளிம்பில் உப்பு பூத்திருந்தது. தூரத்தில் தண்ணீர் பளபளப்பது போல் தெரிந்தது. கிட்டப் போனால் தண்ணீர் இல்லை. கானல்! ஒட்டகம் ஒன்றுதான் பாக்கி. ஐந்தாவது திணையான பாலையும் ஆஜர்!

வழியில் கால்வாய். 1806-ல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை வெட்ட ஆரம்பித்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, ஆந்திராவிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஆக்கினார்கள். 1876-78 பஞ்சத்தில் சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டியது, கூலிக்காகப் பசித்த ஜனங்கள். பேர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுடையது. நம் பக்கத்து உப்பும் விறகும் இதில்தான் படகேறிப் பட்டணம் போயின. 1960-களிலும் 70-களிலும் அடித்த புயல்களில் கரை உடைந்து, மண் மூடி, படகுகள் நின்றுபோயின. 2008-ல் இதைத் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். நான் பார்த்த அன்றைக்கு அதில் மிதந்தது ஒரு ரப்பர் செருப்பு. ஒற்றை!

"பாத்தியா, இதுவும் ஒரு காலத்துல ஹைவேதான்" என்றார் மாமா.

கடல் ஓரத்தில் நெம்மேலி குடிநீர் ஆலை. 2013-ல் ஆரம்பித்தது. கடல் தண்ணீரை எடுத்து, உப்பை நீக்கி, தினம் 10 கோடி லிட்டர் தயாரிக்கிற திறன். 2024-ல் பக்கத்திலேயே இன்னும் 15 கோடி லிட்டருக்கு ஒன்று. வேடிக்கையைப் பாருங்கள்! வடக்கே கேளம்பாக்கத்தில் பாத்தி கட்டி, தண்ணீரை விரட்டிவிட்டு உப்பை எடுக்கிறார்கள். இங்கே மெஷின் வைத்து, உப்பை விரட்டிவிட்டுத் தண்ணீரை எடுக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கழிவெளியில், சென்னைக்கான ஆறாவது நீர்த்தேக்கத்தை 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மழை நாளில் கடலுக்கு ஓடுகிற நல்ல தண்ணீரைப் பிடித்து வைக்கிற திட்டம். கழியில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிற மீனவர்களும் சுற்றுச்சூழல்காரர்களும், எங்கள் கழி என்ன ஆவது என்று கேட்கிறார்கள். நல்ல தண்ணீர் ஒருவருக்கு வாழ்வு, உப்புத் தண்ணீர் இன்னொருவருக்கு வாழ்வு. இந்த ஊரில் போர் இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பைபாஸ் இடத்தைப் பார்த்தோம். சதுரம் சதுரமாகக் கல் நட்டு, கொடி கட்டியிருந்தது. பேப்பரில் கணக்குப் போட்டேன். அரை ஏக்கர் விலை, அந்த மனையின் விலை, கொட்டகைச் செலவு, வங்கி வட்டி, நெல்லில் வருகிற வருமானம் (அதை வருமானம் என்று எழுதவே பேனா கூசியது). எப்படிப் போட்டாலும் பைபாஸ்தான் ஜெயித்தது. நிலத்தை வைத்துக்கொள்ள பி.காம்.மில் ஒரு நியாயமும் இல்லை.

"வித்துடலாம் மாமா" என்றேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. "சரி, கடைசியா ஒரு தடவை நெலத்தைப் பாத்துட்டு வந்துடலாம். தண்ணியும் எடுக்கணும்" என்றார்.

ஏரிக்கரைக்குக் கீழே அரை ஏக்கர். அறுப்பு முடிந்து தாள் நின்றது. மூலையில் ஒரு கிணறு. மாமா இரண்டு கேன்களை நிரப்ப ஆரம்பித்தார்.

"எதுக்கு மாமா இங்கேர்ந்து?"

"கடைக்குடா. நம்ம தெருவுல போர் போட்டா உப்பு கரிக்குது. பால்ல ஊத்தினா திரிஞ்சுடும். கேன் தண்ணியில டீ போட்டுப் பாத்தேன். ரெகுலர் ஆளுங்க ஒரே வாய்ல கண்டுபிடிச்சுட்டாங்க. அப்பா காலத்துலேர்ந்து இந்தத் தண்ணிதான். ஏரியில தண்ணி நின்னா கெணத்துல ஊறும். இதைச் சுத்தி வீடு வந்து, வீட்டுக்கு ஒரு போர் போட்டு உறிஞ்சினா, கீழ கெடக்கற உப்பு மேல வந்துடும்."

பேனாவை எடுத்தவன் அப்படியே நின்றேன். என் கணக்கில் கிணறு என்று ஒரு வரியே இல்லை! நாலு வருஷம் முன்பு கிழக்குப் பக்கம் வயலை விற்ற ஒருவர், இப்போது வாரத்துக்கு இரண்டு முறை லாரித் தண்ணீர் வாங்குகிறார் என்று மாமா சொன்னார். அவர் விற்றதும் நல்ல விலைக்குத்தான்.

கடைக்குத் திரும்பியதும் ஒரு வேலை செய்தேன். சாயங்காலம் 4 மணியிலிருந்து 7 மணி வரை கல்லாவில் உட்கார்ந்து, யார் யார் டீ குடிக்கிறார்கள் என்று கோடு போட்டேன். கிருத்திகைக்கு மொட்டை போட்டு சந்தனம் பூசிய குடும்பங்கள். ஷிப்ட் முடிந்த ஆலத்தூர்க்காரர்கள். காலில் உப்பு வெளுத்த இரண்டு பெண்கள். கொத்தனார்கள். தாலுகா ஆபீஸ் வேலையாக வந்து, முடியாமல் நின்ற ஒரு பெரியவர் (இரண்டு டீ). கோயிலில் கல்யாணம் பேசி முடித்த இரண்டு சம்பந்திகள். மொத்தம் 146 டீ. மகாபலிபுரம் போகிற வழியில் காரை நிறுத்தி இறங்கியவர்கள் குடித்தது ஐந்து. அதிலும் ஒருவர், சர்க்கரை இல்லாமல், பால் இல்லாமல், அநேகமாக டீயே இல்லாமல் கேட்டார்!

நோட்டை மாமாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப... கார்க்காரன் பைபாஸ்ல போனா?"

"அஞ்சு டீ போகும், மாமா. தாத்தா காலத்துல டூரிஸ்ட் பஸ்ஸை நம்பிக் கடை. அதான் அடி விழுந்துது. இப்ப உங்க கடைக்கு வர்றவங்க யாரும் ஊரைத் தாண்டிப் போறவங்க இல்லை. ஊருக்கே வர்றவங்க."

"நல்ல நாள்ல எண்ணிட்டே. சாதா நாள்?"

இந்த ஆளுக்கா பி.காம். தேவை? "சாதா நாள்ல ஒரு வாரம் நீங்களே கோடு போடுங்க. போட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்றேன்.

போட்டார். ஏழு நாள் கோடுகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூட்டம் குறைவுதான். கார்க்காரர்கள் அதைவிடக் குறைவு. கடைசிப் படத்துக்குக் கீழே ஒரே வரி: 'அட்வான்ஸ் குடுக்கல. அத்தை பாயசம் வெச்சா.'

இதனால் நான் ஏதோ பெரிய நிபுணன் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த ரோடு எங்கே வரும் என்று எனக்கும் தெரியாது. கால்வாய் போய், ரோடு வந்து, அதுவும் பழையதாகி, மறுபடி புதியதாகி... திருப்போரூர் இதையெல்லாம் பார்த்துவிட்டது. ஏரியும் கிணறும் போய்விட்டால்தான் அதைத் திருப்பிக் கொண்டுவர, பனங்காட்டைத் தேடி இன்னொரு சிதம்பர சுவாமிகள் வர வேண்டியிருக்கும்.

கிருத்திகை அன்று ராத்திரி நான் கிளம்பும்போது, மாமா இரண்டு லிட்டர் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக் கையில் கொடுத்தார். "அக்காகிட்ட குடு" என்றார். சொந்த ஊர் ஞாபகார்த்தமாகப் பஞ்சாமிர்தம் கொடுப்பார்கள், பார்த்திருக்கிறேன். பச்சைத் தண்ணீர் கொடுத்தவர் இவர் ஒருவர்தான். எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கம்பியைத் தட்டி, "திருப்போரூர்லாம் எறங்கு!" என்று கத்தினார். பாதி பஸ் இறங்கியது. அதில் ஏழெட்டுப் பேர் நேராக மாமா கடைக்கு நடந்தார்கள்.

வீட்டில் அம்மா பாட்டிலைத் திறந்து, டம்ளரில் ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இன்னும் உப்பு ஏறலை" என்றாள். பிறகு, "கணக்கு என்னடா ஆச்சு?"

"டேலி ஆகலைம்மா."

"நெலம்?"

"இருக்கு."

"அப்ப ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, மிச்சத் தண்ணீரை மூடி பத்திரமாக எடுத்து வைத்தாள்.